குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் கீழக்கரையில் இருக்கிறோம். என் கணவருக்கு துபாயில் வேலை. பத்தாவது படிக்கும் மகன் போன விடுமுறையில் அவன் வாப்பாவைப் பார்க்கப் போனபோது, அங்கே ஒரு வீட்டில் சிறுத்தைப் புள்ளி போட்ட பெங்கால் பூனையைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். இன்ஸ்டாகிராமில் பெங்களூர்க்காரர் ஒருவர் 'எஃப் 3 பெங்கால், 45 நாள் குட்டி, எல்லா ஊசியும் போட்டாச்சு, சர்டிபிகேட் உண்டு, 22,000 ரூபாய்' என்று போட்டிருக்கிறார். 5,000 அட்வான்ஸ் ஜிபே பண்ணினால் ஆம்னி பஸ்ஸில் மதுரைக்கு ஏற்றிவிடுவாராம். 'அதெல்லாம் வேண்டாம், லீவுக்கு வரும்போது நானே இங்கிருந்து ஒன்று கொண்டுவருகிறேன்' என்கிறார் என் கணவர். நல்ல பிரீடரை எப்படிக் கண்டுபிடிப்பது? மீன் துண்டுக்காக வந்து போகும் நாட்டுப் பூனை ஒன்றும் எங்கள் வீட்டில் உண்டு. அதனால் தொந்தரவு வருமா?

பதில்:

சகோதரி, அந்த 5,000 ரூபாயை மட்டும் இப்போதைக்கு அனுப்பிவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

முதலில் அந்த விளம்பரத்தையே வரிவரியாகப் படிப்போம். 45 நாள் குட்டிக்கு 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்கிறார். பூனைக்குட்டிக்கு முதல் கூட்டுத் தடுப்பூசியே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்குகிறது. அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும் வரை போட்டுக்கொண்டு வர வேண்டும். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும் வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது வடிகிற நேரம் குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் இத்தனை தடவை. ரேபிஸ் ஊசி பன்னிரண்டு வாரத்தில்தான். ஆக 45 நாளில் அதிகம் போனால் ஒரே ஒரு ஊசி போட்டிருக்க முடியும். 'எல்லாம் முடிந்தது' என்பவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் அவருக்கே விஷயம் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் ஓர் உயிரை அவரை நம்பி வாங்க முடியாது.

தடுப்பூசிப் புத்தகத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துக் குப்பியிலிருந்து பிரித்து ஒட்டிய சின்ன லேபிள் இருக்க வேண்டும். அதில் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண். என்னிடம் கொண்டுவரும் சில புத்தகங்களில் மூன்று மாத ஊசியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியிருக்கும். மூன்று லேபிளிலும் ஒரே பேட்ச் எண். கையெழுத்துக்குக் கீழே மருத்துவர் பெயரே இருக்காது. அந்தப் புத்தகத்துக்கும் வெள்ளைத்தாளுக்கும் வித்தியாசம் இல்லை.

45 நாளில் தாயைப் பிரிப்பதே தவறு. பல் படாமல் கடிப்பது, நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு விளையாடுவது, மணல் தட்டில் போவது எல்லாம் தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும் அடி வாங்கிக் கற்றுக்கொள்வது. பெங்கால் மாதிரி துடிப்பான இனத்துக்கு இது இரட்டிப்பாகத் தேவை. ஒழுங்கான பிரீடர் யாரும் பன்னிரண்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கையில் கொடுக்க மாட்டார். நீங்கள் அவசரப்படுத்தினாலும் கொடுக்க மாட்டார்.

அடுத்தது 'எஃப் 3'. பெரிய பெருமை போல எழுதியிருக்கிறாரே, எனக்கு அதுதான் அதிகக் கவலை. பெங்கால் என்பது ஆசியாவின் காட்டில் வாழும் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் சேர்த்து உருவாக்கிய இனம். அமெரிக்காவில் ஜீன் மில் என்ற பெண்மணி 1960களில் முதல் கலப்பைச் செய்தார். 1980களில் மறுபடி தொடங்கி இனமாகவே நிலைநிறுத்தினார். டிகா எனப்படும் சர்வதேசப் பூனைச் சங்கம் 1986ல் இதைப் புதிய இனமாக ஏற்றது, 1991ல் போட்டிக்கு அனுமதித்தது. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு: 1980களின் தொடக்கத்தில் டெல்லி உயிரியல் பூங்காவில், காண்டாமிருகக் கொட்டடியில் திரிந்த ஒரு புள்ளி போட்ட தெருப் பூனையை அந்த அம்மையார் எடுத்துப் போய் இனப்பெருக்கத்தில் சேர்த்துக்கொண்டார். பெங்கால் உரோமத்தில் வெயில் பட்டால் தெரியும் அந்தத் தங்க மினுக்கம் டெல்லிப் பூனை கொடுத்த சீதனம் என்பார்கள் வளர்ப்பவர்கள்.

சரி, எஃப் 3க்கு வருவோம். சிறுத்தைப் பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் நேரடியாகப் பிறந்தது எஃப் 1. அதன் பிள்ளை எஃப் 2, பேரன் எஃப் 3. இந்த மூன்று தலைமுறையிலும் கடுவன்கள் பெரும்பாலும் மலடு. குணமும் நிலையாக இருக்காது. மனிதரைக் கண்டால் ஒளியும், சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சும், மணல் தட்டை மதிக்காது. நான்காம் தலைமுறையிலிருந்துதான் வீட்டுப் பூனை என்று கணக்கு. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதற்கும் பல தலைமுறை தள்ளி வந்த குட்டிதான் சரி.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. சிறுத்தைப் பூனை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். முந்தைய நான்கு தலைமுறைக்குள் காட்டு ரத்தம் இருந்தால் கலப்புப் பிறவியும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். 2022ல் நம் சட்டத்தைத் திருத்தியபோது அந்த உடன்படிக்கையை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே ஒருவர் உண்மையிலேயே எஃப் 3 வைத்திருந்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். 22,000 ரூபாய்க்கு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவரிடம் அது இருக்கப் போவதில்லை. பெரும்பாலும் அது வரியும் புள்ளியும் கலந்த அழகான நாட்டுப் பூனைக்குட்டி. சில சமயம் வயலில், கரும்புக் கொல்லையில் கிடைத்த காட்டுப்பூனைக் குட்டியையும் 'பெங்கால்' என்று தள்ளிவிடுகிறார்கள். அது வளர்ந்து மகனின் கையைக் கிழிக்கும்போதுதான் தெரியும். அப்போது வழக்கும் உங்கள் பேரில்தான்.

'சர்டிபிகேட்' என்றாரே, எந்தச் சங்கத்துச் சர்டிபிகேட் என்று கேளுங்கள். டிகாவில் பதிவான பிரீடர்களுக்குத் தங்கள் பூனை வளர்ப்பகத்துக்கென்று ஒரு பதிவுப் பெயர் இருக்கும். அவர்களிடம் பிறக்கும் ஒவ்வொரு பூனையின் பெயருக்கு முன்னாலும் அந்தப் பெயர் வரும். மூன்று தலைமுறையும் பெங்காலோடு பெங்கால் சேர்ந்து வந்த பூனையின் பதிவு எண் 'எஸ்பிடி' என்ற எழுத்துகளில் தொடங்கும். ஒரு ஈற்றைப் பதிவு செய்ததும் குட்டிக்கு ஒன்றாக 'புளூ ஸ்லிப்' வரும். அதை நிரப்பி அனுப்பித்தான் வாங்குகிறவர் தன் பெயருக்குப் பதிவு செய்துகொள்வார். இந்தியாவில் உலகப் பூனைக் கூட்டமைப்போடு இணைந்த ஃபெலைன் கிளப் ஆஃப் இந்தியா வழியாகவும் பதிவு நடக்கிறது. எந்தச் சங்கமாக இருந்தாலும் தாய், தகப்பன் இரண்டின் பதிவு எண்ணையும் வாங்கி, சங்கத்துக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு விசாரித்துக்கொள்ளலாம். எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். கம்ப்யூட்டர் சென்டரில் தங்க பார்டர் போட்டு அடித்த தாளில் 'ப்யூர் பெங்கால்' என்று எழுதியிருந்தால் அதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான்.

வம்சாவளித் தாள் உண்மையாக இருந்தாலும் அது பிறப்பை மட்டுமே சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. 'நல்ல பிரீடர்' என்று நான் யாரைச் சொல்வேன் என்றால், குட்டி பிறப்பதற்கு முன்பே தாய் தகப்பனுக்குப் பணம் செலவழித்தவரைத்தான். பெங்காலுக்கு வம்சத்தில் வரும் கோளாறுகள் மூன்று முக்கியம்.

முதலாவது, சிவப்பணுக்களில் பைருவேட் கைனேஸ் என்ற நொதி இல்லாமல் போவது. சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைந்து ரத்தசோகை வரும். ஒரு மாதம் சோர்ந்து கிடக்கும், ஈறு வெளுத்திருக்கும், அடுத்த மாதம் தேறிவிடும். வீட்டார் 'வெயில்' என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது, விழித்திரை தேய்வு. குட்டியாக இருக்கும்போதே தொடங்கி, ஒரு வயதுக்குள் பார்வை நன்றாகக் குறைந்துவிடும். பூனை மீசையையும் காதையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளும்; வீட்டில் கட்டிலை இடம் மாற்றிப் போட்ட அன்றைக்குத்தான் அது முட்டிக்கொள்வதைப் பார்ப்பீர்கள். இவை இரண்டும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே குட்டியில் வெளிப்படும். ஒரு பிரதி மட்டும் இருக்கும் பூனை பார்க்கச் சுத்தமாக, திடமாக இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்துவிட்டால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோயுள்ள குட்டி. கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி மரபணு சோதனைக்கு அனுப்ப வேண்டும். கலிஃபோர்னியாவின் யுசி டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வகம் போல இதற்கென்றே இடங்கள் உண்டு. முடிவில் 'என்/என்' என்று வந்தால் அந்தப் பூனையிடம் பழுது இல்லை என்று பொருள். தாய் தகப்பன் இருவருக்கும், இரண்டு நோய்க்கும், பூனையின் பெயரோ மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) எண்ணோ போட்ட அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் பொல்லாதது: இதயத் தசை தடித்துப் போகும் நோய். பெங்காலில் இதற்கென்று நம்பத்தக்க மரபணு சோதனை கிடையாது. மெய்ன் கூன், ராக்டால் இனங்களுக்கான சோதனையைச் செய்துவிட்டு 'ஹார்ட் டெஸ்ட் ஓகே' என்று சிலர் காட்டுவார்கள். பெங்காலுக்கு அது பொருந்தாது. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பூனைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பதுதான் வழி. இந்த வயதில் நன்றாக இருக்கும் இதயம் அடுத்த ஆண்டு மாறலாம் என்பதால், 'மூன்று வருஷத்துக்கு முன் எடுத்தோம்' என்பது பதில் ஆகாது. நம் நாட்டில் எல்லா பிரீடரும் இதைச் செய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 'எக்கோவா, எதற்கு?' என்று கேட்கிறவருக்கும், 'தாய்க்குப் போன வருஷம் எடுத்தோம், தகப்பனுக்கு இன்னும் எடுக்கவில்லை' என்று உள்ளதைச் சொல்கிறவருக்கும் நிறைய தூரம்.

'தாயைத் தண்ணீர்த் துறையில் கண்டால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம்' என்று நம் பெரியவர்கள் பெண் பார்ப்பதற்குச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. நேரில் போய்த் தாயைப் பாருங்கள். தகப்பன் அங்கே இல்லாமல் இருக்கலாம், வேறு இடத்துக் கடுவனோடு சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் தாய் இருந்தாக வேண்டும். அது ஆளைக் கண்டதும் அலமாரிக்கு அடியில் ஓடுகிறதா, வந்து முகர்ந்து பார்க்கிறதா? எலும்பு தெரிகிறதா? இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்றுக்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு? வீட்டுக்குள் வளர்கிறதா, மொட்டை மாடிக் கூண்டிலா? இதையெல்லாம் பார்த்தபிறகு குட்டியைக் கையில் எடுத்தால் போதும்.

போக முடியாத பட்சத்தில் நேரலை வீடியோ அழைப்பு கேளுங்கள், பதிவு செய்து அனுப்பிய வீடியோ வேண்டாம். தாயும் குட்டிகளும் ஒன்றாக இருப்பதைக் காட்டச் சொன்ன பிறகு, சட்டென்று 'அந்த மணல் தட்டைக் கொஞ்சம் காட்டுங்களேன்' என்று கேளுங்கள். யாரும் அதை முன்கூட்டி அலங்கரித்து வைக்க மாட்டார்கள். சளி கலந்து கூழாக, வீச்சம் எடுக்கும் கழிச்சல் பெங்கால் வளர்ப்பகங்களில் அடிக்கடி வரும் தலைவலி. ட்ரைட்ரைகோமோனஸ் என்ற ஒட்டுண்ணி காரணமாக இருந்தால் வழக்கமான பூச்சி மருந்துக்கு அது அடங்காது. விளம்பரத்தில் உள்ள படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே குட்டி ரஷ்யாவிலோ போலந்திலோ விற்பனையாகிக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்தது. இன்னொரு குறிப்பு: நாலைந்து வாரத்திலிருந்து மூன்று நான்கு மாதம் வரை பெங்கால் குட்டிகளுக்கு உரோமம் புசுபுசுவென்று சிலும்பி, புள்ளிகள் மங்கித் தெரியும். 45 நாள் குட்டி என்று சொல்லி, வார்னிஷ் அடித்தது போலப் பளிச்சென்ற ரோசெட்டோடு, அதாவது ரோஜா வடிவப் புள்ளிகளோடு, படம் வந்தால், ஒன்று வயது பொய், இல்லாவிட்டால் படம் பொய். நிஜமான பிரீடர் அந்த மங்கலான படத்தையே அனுப்பி, 'இப்போது இப்படித்தான் இருக்கும், பிறகு தெளியும்' என்பார்.

குட்டியைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஈறு வெளுக்காமல் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வாலைத் தூக்கிப் பார்த்தால் ஈரமும் கறையும் இருக்கக் கூடாது. காதுக்குள் கருப்பாகப் பொடி இருந்தால் காது உண்ணி. முகத்திலோ காது மடலிலோ வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது உங்கள் பிள்ளைகளுக்கும் ஒட்டும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் கிளம்பினால் மாதக்கணக்கில் போராட வேண்டும். பன்னிரண்டு வாரக் குட்டி ஒன்றேகால் கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

விலை என்று வரும்போது, இவ்வளவு சோதனையும் செய்து, பன்னிரண்டு வாரம் வரை வைத்து வளர்த்து, ஊசி போட்டு, பதிவும் செய்து ஒருவர் 22,000க்குக் கொடுத்தால் அவருக்குக் கைநஷ்டம். பதிவான பெங்காலுக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும். ஆனால் விலை அதிகம் என்பதாலேயே நல்லவர் என்றும் ஆகிவிடாது. பெர்ஷியன், பெங்கால், மெய்ன் கூன், கூடவே ஷிட்சூ நாய்க்குட்டியும் எப்போதும் 'ரெடி ஸ்டாக்' என்றால் அவர் பிரீடரே இல்லை, இடைத்தரகர். 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி விற்பனை செய்கிறவர்கள், இணையத்தில் விற்றாலும் சரி, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணையும் கேட்டு வையுங்கள்.

அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்றும் கவனியுங்கள். வீட்டில் யார் யார், ஜன்னலில் வலை உண்டா, பகலில் ஆள் இருக்குமா, பக்கத்தில் பூனை வைத்தியம் பார்க்கும் மருத்துவர் உண்டா என்றெல்லாம் துளைத்தெடுப்பவர் நல்லவர். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் தருவார்: வம்சக் கோளாறு வந்தால் அவர் பொறுப்பு என்ன, வளர்க்க முடியாமல் போனால் அவரே திரும்ப வாங்கிக்கொள்வாரா, எந்த வயதுக்குள் கருத்தடை செய்ய வேண்டும் என்று. கருத்தடை நிபந்தனையைப் பார்த்து 'ஏமாற்றுகிறாரோ' என்று சந்தேகப்பட வேண்டாம், செல்லமாக மட்டும் வளர்க்கிற குட்டிக்கு அது நியாயமான நிபந்தனை.

எங்கே தேடுவது? சென்னை, பெங்களூர், ஹைதராபாத்தில் நடக்கும் பூனைக் கண்காட்சிகள் நல்ல இடம். அங்கே பூனையை நடுவர் மேசையில் தூக்கி வைக்கிறவர், எல்லோருக்கும் முன்னால் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, தம்பியை ஒரு தடவை கூட்டிப் போங்கள். டிகாவின் இணையதளத்தில் நாடுவாரியாகப் பிரீடர் பட்டியலும் பார்க்கலாம், ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது விசாரணையின் தொடக்கம்தான். அவரிடம் குட்டி வாங்கி இரண்டு மூன்று ஆண்டு ஆனவர்களின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். போன வாரம் வாங்கியவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். இனப்பெருக்கத்திலிருந்து ஓய்வு கொடுத்த மூன்று நான்கு வயதுப் பூனைகளைச் சில பிரீடர்கள் குறைந்த விலைக்குக் கொடுப்பதுண்டு. குணமும் உடம்பும் தெரிந்த பூனை. எனக்கு அதுதான் பிடிக்கும், உங்கள் மகனுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

தம்பியின் வாப்பா நினைப்பது அவ்வளவு சுலபமில்லை. இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து ஊர் திரும்புகிறவர்கள்தான் தங்கள் உடைமையோடு இரண்டு செல்லப்பிராணிகள் வரை கொண்டுவர முடியும். லீவுக்கு வருகிறவருக்கு இது பொருந்தாது. கொண்டுவருவதாக இருந்தாலும் ரேபிஸ் ஊசி போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், அந்நாட்டு அரசு மருத்துவரின் சான்று வேண்டும், விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் குறிப்பிட்ட சில விமான நிலையங்கள் வழியாக மட்டும். நமக்கு அது சென்னை. அவர் ஒரேயடியாக ஊரோடு வந்துவிடும்போது யோசிக்கலாம்.

ஆம்னி பஸ் பார்சல் பேச்சே வேண்டாம். டிக்கிச் சூட்டிலும் புகையிலும் இரவு முழுக்க வந்து, மூன்றாம் நாள் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக என்னிடம் வரும் குட்டிகளில் பிழைப்பவை குறைவு. பூனைக் கழிச்சல் நோய்க்கு உடம்பில் கிருமி புகுந்து வெளியே தெரிய பத்து நாள் வரை ஆகும். ஆகவே வந்த வாரத்திலேயே விழுந்தால் அது பெரும்பாலும் அங்கேயே தொற்றிக்கொண்டு வந்தது. 'இங்கே நன்றாகத்தான் இருந்தது' என்பார் விற்றவர். காரிலோ ரயிலிலோ நீங்களே போய்க் கூண்டில் வைத்துக் கூட்டி வாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரும் நாட்டுப் பூனையால் தொந்தரவு வருமா என்று கேட்டீர்கள். யாரால் யாருக்கு என்பதைப் பொறுத்தது. புதிய குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பீங்கான் தட்டு, தண்ணீர், மணல் எல்லாம் தனி. அதற்குள் மலப் பரிசோதனையும், ரத்தப் புற்றுக் கிருமி, எய்ட்ஸ் வகைக் கிருமி இரண்டுக்குமான துரித சோதனையும் முடித்துக்கொள்ளலாம். இந்த இரண்டு கிருமியும் மனிதருக்கு ஒட்டாது, பயப்படாதீர்கள். நாட்டுப் பூனைக்கும் ஊசி போட்டு, கருத்தடையும் செய்துவிடுங்கள். மீன் துண்டுக்கு வந்தாலும் அதுவும் உங்கள் பூனைதானே.

மீன் என்றதும் சொல்ல வேண்டும். கரையில் வாழ்கிற நமக்குப் பூனைக்கு மீன் போடுவது தர்மம் போல. ஆனால் மத்தி, நெத்திலி வகைகளைப் பச்சையாகவே தினமும் போட்டால் அதிலுள்ள ஒரு நொதி தயமின் என்ற பி1 வைட்டமின் சத்தை அழித்துவிடும். தலை தொங்கி, தள்ளாடி, வலிப்பு வரைக்கும் போகும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். வெந்தது என்றாலும் எண்ணெய் மீனே முழுச் சாப்பாடாகக் கூடாது, உடம்புக் கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரும். கருவாடு வேண்டவே வேண்டாம், அத்தனையும் உப்பு. வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் கடற்கரையில் கிடக்கும், அதில் வாய் வைத்தால் காப்பாற்றுவது கஷ்டம். பெங்காலை வெளியே விடாமல் வளர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மாடியோடு மாடி ஒட்டி நிற்கும் உங்கள் தெருவில், கைப்பிடிச் சுவரில் ஒரு தாவு தாவினால் நாலாவது வீட்டில் இருக்கும். முற்றத்துக்கும் ஜன்னலுக்கும் வலை அடிக்காமல் குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

மகனிடமும் ஒரு வார்த்தை. தம்பி, இது மடியில் சுருண்டு படுக்கும் பூனை இல்லை. தினமும் இரண்டு வேளை ஓடவிட்டு விளையாடினால்தான் அடங்கும். இல்லாவிட்டால் திரைச்சீலை, உன் நோட்டுப் புத்தகம், ஃபேன் ஸ்விட்ச் எல்லாம் அதன் விளையாட்டுப் பொருள். தண்ணீர் என்றால் இதற்கு உயிர். குழாயைத் திருகத் தெரிந்துகொண்ட பெங்கால்கள் உண்டு. காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கும் நம் மாவட்டத்தில் அது உன் உம்மாவிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொள்ளும் என்று யோசித்துக்கொள்.

சகோதரி, பொதுத்தேர்வு முடியட்டும். நல்ல பிரீடரிடம் குட்டிக்குக் காத்திருப்போர் வரிசை இருக்கும்; இப்போது பேச ஆரம்பித்தாலே வந்து சேர மாதங்கள் ஆகும், கணக்கு சரியாக வரும். அதற்குள் அந்த பெங்களூர்க்காரருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்: தாய் தகப்பன் பதிவு எண், இரண்டு மரபணு அறிக்கை, தாய்க்குக் கடைசியாக எக்கோ எடுத்த தேதி, தடுப்பூசிப் புத்தகத்தின் படம், குட்டியின் 15 இலக்க மைக்ரோசிப் எண். இந்த ஐந்தும் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகு நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னால், அந்தத் தாள்களை எனக்கு அனுப்பி வையுங்கள், படித்துச் சொல்கிறேன். வேறு பிரீடரிடம் பேசும்போதும் இதே ஐந்தைக் கேளுங்கள்.